கோடு நாலு நிற்கிறது, கால் மட்டும் போகவில்லை

24 ஆகஸ்ட் 2025, கேள்வி

அண்ணாச்சி, நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். அம்மா கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவள் போன் ஆளே மாறிவிட்டது. கால் வந்தால் திரை வேறு மாதிரி இருக்கிறதாம், வழக்கம்போல மேலே தள்ளினால் எடுக்க மாட்டேன் என்கிறதாம். யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், முதலில் ஏடிஎம் கார்டை முடக்குங்கள் என்று பக்கத்து வீட்டு மாமா பயமுறுத்தியிருக்கிறார். இது போக, ஒரு மாதமாகவே பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் கட் ஆகிறது. ராத்திரி நான் கூப்பிட்டால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வருகிறது. அம்மாவிடம் கேட்டால் சிக்னல் கோடு நாலு நிற்கிறது என்கிறாள். டவர் பிரச்சினைதானே? வேறு கம்பெனிக்கு மாற்றிவிடலாமா?

24 ஆகஸ்ட், இரவு

ஹேக்கும் இல்லை, செய்வினையும் இல்லை. கார்டை முடக்க வேண்டாம் தம்பி. பல ஆண்ட்ராய்டு போன்களில் கால் பேசுவதற்கென்று இருக்கும் செயலி இந்த மாதம் புதுத் தோற்றத்துக்கு மாறியிருக்கிறது. ஆட்டோ அப்டேட் போட்டு வைத்திருந்தால் ராத்திரி படுக்கும்போது ஒரு போன், காலையில் எழுந்தால் வேறு போன். நேற்று ஒரே நாளில் என் செல்போன் ரிப்பேர் கடைக்கு இந்தப் புகாரோடு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தவர்கள்.

போன் செயலியைத் திறந்து அதன் செட்டிங்ஸில் ‘இன்கமிங் கால் ஜெஸ்சர்’ என்ற இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். பக்கவாட்டில் தள்ளுவதா, ஒரே தட்டா என்று இரண்டு வழி இருக்கும். அம்மாவுக்கு ஒரே தட்டு. பழைய முகம்தான் வேண்டும் என்றால் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ, மேலே மூன்று புள்ளி, ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. ஆட்டோ அப்டேட்டை நிறுத்தாவிட்டால் இரண்டு நாளில் புது முகம் திரும்ப வந்து நிற்கும்.

மற்ற இரண்டும் டவர்தான். போர்ட் போட்டுவிடுங்கள்.

25 ஆகஸ்ட்

நேற்றைய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், அந்த அவசரத்தில் எழுதியது. நோய் என்னவென்று பிடிபடாவிட்டால் டாக்டர் ‘வைரல்’ என்பார், எங்கள் தொழிலில் ‘டவர்’ என்போம்.

பாதியில் கட் ஆவது வேறு, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வருவது வேறு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது. கட் ஆவதற்கு முன் குரல் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். விட்டு விட்டு, தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்டு அப்புறம் போனால் சிக்னல். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி போனால் விரலோ, கன்னமோ, பட்டனோ.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இன்றைக்கு சிம்மை வேறு போனில் போட்டுப் பார்த்தால் இன்றைக்கு அது மட்டும். சிம்மையும் மாற்றி, போனையும் ரீசெட் போட்டு, கவரையும் கழற்றி எறிந்துவிட்டு ‘சரியாயிடுச்சு அண்ணாச்சி’ என்று வருகிறவர்கள் ஒரு வாரத்தில் மறுபடி வருவார்கள். எது சரி செய்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

27 ஆகஸ்ட்

பிள்ளையார் சதுர்த்தி, கடை அரை நாள்தான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்த நாலு கோட்டை நம்பாதீர்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று உலகப் பொது அளவு கிடையாது, போனைச் செய்கிற கம்பெனியே வைத்துக்கொள்கிறது. கடை மேஜையில் இரண்டு போனை ஒட்டி வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரே கம்பெனி சிம், ஒரே இடம், ஒன்றில் மூன்று கோடு, இன்னொன்றில் ஐந்து. ஹோட்டலில் ‘காரம் மீடியமா இருக்கும் சார்’ என்பார்களே, அதுதான் கோடு.

உண்மையான அளவு உள்ளே ஒளிந்திருக்கிறது. செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ், அதில் சிக்னல் ஸ்ட்ரென்த். டிபிஎம் என்று ஓர் எண், முன்னால் மைனஸ் போட்டிருக்கும். சில போன்களில் டயல் பேடில் *#*#4636#*#* அடித்தாலும் வரும். ஐபோன் என்றால் *3001#12345#* அடித்து கால் பட்டன். 4ஜியில் -80, -90 என்றால் ராஜா மாதிரி பேசலாம். -100 சமாளிக்கும். -110 தாண்டினால் தடுமாறும். -120 என்றால் போன் கையில் இருப்பதும் ஒன்று, சோப்பு டப்பா இருப்பதும் ஒன்று. எண் பெரிதாக இருந்தால் நல்லது.

இந்த எண் பள்ளிக்கூட மார்க் மாதிரி ஏறி இறங்காது. 3 குறைந்தால் சிக்னல் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. -90 இருக்கும் திண்ணையிலிருந்து -110 இருக்கும் உள்ரூமுக்குப் போனால் கிடைப்பது நூறில் ஒரு பங்கு. கோடு மட்டும் நாலிலிருந்து இரண்டாகியிருக்கும், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும்.

எந்த அலைவரிசையில் பிடிக்கிறது என்பதும் ஒரு கணக்கு. 850, 900 மெகாஹெர்ட்ஸ் சுவருக்குள் ஓரளவு நுழையும். 2300, 2500 வேகம் தரும், ஆனால் காங்கிரீட்டைப் பார்த்தால் சுருண்டுவிடும். நம் பக்கம் மேற்கே மலை வேறு மறைக்கிறது. அம்பையில் என் கடை வாசலில் ஒரு எண், பின்பக்கச் சாமான் அறையில் வேறு எண். நடுவில் இருப்பது ஒரு தகர ஷட்டர் மட்டும்.

அம்மாவின் போன் வீட்டில் எந்த இடத்தில் இருக்கும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

28 ஆகஸ்ட்

அம்மா 112 என்று படித்துச் சொன்னதும் தம்பிக்கு ஒரே சந்தோஷமாம், ‘அண்ணாச்சி, நூறுக்கு மேலேயே இருக்கு’. தப்பு என்னுடையது. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று எழுதியது கணக்குப் பாடத்தில் சரி, வீட்டில் சரிப்படாது. கடன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 80 ரூபாய் கடன்காரன் 112 ரூபாய் கடன்காரனைவிட மேல்.

போன் இருக்கும் இடம், உள்ரூமில் ஸ்டீல் பீரோவின் மேல். ஒரு பக்கம் பீரோ, தலைக்கு மேல் கம்பி கட்டிய காங்கிரீட். இரும்புப் பெட்டிக்கும் இரும்புக் கூரைக்கும் நடுவில் போனை வைத்துவிட்டு டவரைத் திட்டுகிறோம். முதல் வேலையாக அதை ஜன்னல் திட்டுக்கு மாற்றுங்கள், மழைச் சாரல் படாத பக்கமாக. பேட்டரியும் கொஞ்சம் நிற்கும். சிக்னல் குறையக் குறைய டவருக்குக் கேட்கும்படி போன் தன் சக்தியை ஏற்றிக் கத்த வேண்டும். ‘சும்மா இருக்கும்போதே சூடாகுது’ என்று வருகிற போன்களில் பாதி பீரோ மேல் வாழ்கிறவை.

31 ஆகஸ்ட்

சரி, பாதியில் கட் ஆகும் கதை. குரல் நன்றாகத்தான் இருக்குமாம், திடீரென்று போகுமாம். கத்தரிக்கோல் ரகம். அப்படியானால் கன்னம்.

காதில் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சென்சார் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடும், அது கன்னத்தில் பட்டுத் திரும்பினால் திரையை அணைத்துவிடும். அந்த சென்சாரை அழுக்கோ டெம்பர் கிளாஸின் கறுப்பு ஓரமோ மறைத்தால் கன்னம் வந்ததே அதற்குத் தெரியாது. திரை எரிந்துகொண்டே இருக்கும், கன்னம் சிவப்புப் பட்டனை அமுக்கிவிடும். இதே கோளாறு தலைகீழாகவும் வரும். கிளாஸிலேயே ஒளி பட்டுத் திரும்பினால் எந்நேரமும் காதில் இருப்பதாக நினைத்து, பேசி முடித்த பிறகும் திரை கறுப்பாகவே நிற்கும். விலை குறைந்த சில மாடல்களில் இந்த சென்சாரே கிடையாது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை விட்டு எதிரொலியை வைத்துச் சமாளிப்பார்கள், அது சில நேரம் ஏமாறும்.

டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறவனே இதைச் சொல்கிறேன். ஐம்பது ரூபாய் கிளாஸ் எல்லா மாடலுக்கும் ‘கரெக்டா உக்காரும்’ என்று நானும் சொல்லி விற்றிருக்கிறேன்.

சோதனை இது. யாருக்காவது கால் போட்டுவிட்டு போனின் மேல் பகுதியை உள்ளங்கையால் மூடுங்கள். திரை அணைய வேண்டும். கையை எடுத்தால் எரிய வேண்டும். எரியாமல் கறுப்பாகவே நின்றால் பவர் பட்டனை ஒரு தட்டு தட்டினால் எரியும்.

2 செப்டம்பர்

சோதனை பாஸ். கிளாஸோடும் பாஸ், கிளாஸைக் கழற்றினாலும் பாஸ். ஒரு நல்ல கிளாஸ் வீணாகப் போனதுதான் மிச்சம். கட் மட்டும் நிற்கவில்லை. ‘அண்ணாச்சி சொன்னதுக்கு அப்புறம் இன்னும் அதிகமா கட் ஆகுது’ என்று அம்மா சொல்கிறாராம்.

இது எனக்குப் பிடித்த வாக்கியம் இல்லை.

4 செப்டம்பர்

பிடித்துவிட்டேன். நான் பிடித்தேன் என்பதைவிட அம்மா பிடித்துக் கொடுத்தார் என்பதே சரி. நேற்று பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டார், பையில் போனும் எனக்கு ஒரு பாக்கெட் அப்பளமும்.

பேசிக் காட்டுங்கள் அம்மா என்றேன். மகனுக்குக் கால் போட்டார். போனைக் காதோடு ஒட்டவில்லை. அப்பளத்தைச் சுடுவதற்குத் தூக்கிப் பிடிப்பது மாதிரி இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்து, வாய்க்கு முன் ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசினார். கட்டைவிரல் நேராக பவர் பட்டனில். பேசிக்கொண்டே சிரித்தார், விரல் அமுங்கியது, கால் போய்விட்டது.

ஆக்சஸிபிலிட்டி செட்டிங்ஸில் ‘பவர் பட்டன் எண்ட்ஸ் கால்’ என்று ஒன்று உண்டு. டச் வேலை செய்யாதவர்களுக்கும், கையில் நடுக்கம் இருப்பவர்களுக்கும் அது வரம். அது இந்த போனில் ஆன் ஆகியிருந்தது. நான் போன வாரம் திரை கறுப்பாக நின்றால் பவர் பட்டனைத் தட்டுங்கள் என்று எழுதினேன் அல்லவா? மகன் அதைப் படித்துக் காட்ட, அம்மா அக்கறையாக ஒவ்வொரு காலிலும் தட்டியிருக்கிறார்.

யார் ஆன் செய்தது என்று கேட்டேன். போன வருஷம் டச் சரியில்லாமல் கம்போ, அதாவது டச்சும் திரையும் சேர்ந்த பாகம், மாற்றக் கொடுத்தபோது, கம்போ வருகிற வரைக்கும் சமாளிக்கக் கடைக்காரர் ஒருவர் போட்டுக் கொடுத்தாராம். கம்போ மாற்றியதும் அதை எடுத்துவிட மறந்திருக்கிறார். எந்தக் கடை என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அவர் கடையில் இருக்கும்போதே கீழே ஓடும் ஜெஸ்சரையும் எடுத்துவிட்டு மூன்று பட்டனைக் கொண்டு வந்தேன். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து ஓரத்தைத் தள்ளினால் பின்னால் போகும் வழக்கம் வந்தது. பேரன் போட்டோவைத் தள்ளப் போய் ஆல்பமே மூடிவிடுகிறது என்று அம்மா ரொம்ப நாளாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தாராம், மகன் காதில் விழவில்லை. இளவட்டங்கள் என்றால் ‘பேக் சென்சிட்டிவிட்டி’யைக் குறைத்துக்கொண்டால் போதும். தடித்த ரப்பர் கவரும் ஓரத்தை மறைத்து இதே தொல்லையைத் தரும். அறுபது தாண்டியவர்களுக்கு என்னைக் கேட்டால் மூன்று பட்டன்தான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

7 செப்டம்பர்

ஜெஸ்சர் பேச்சு வந்ததால் ஒன்று. போன வருஷம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போனை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார். மேஜையில் வைத்தார். ‘இது பேசுது’ என்றார். துண்டைப் பிரித்தேன். திரையில் ஒரு பச்சைக் கட்டம், எதைத் தொட்டாலும் அதன் பெயரை ஒரு பெண் குரல் சத்தமாகப் படிக்கிறது. வாட்ஸ்அப் தட்டுப்பட்டது. அவர் குடும்பக் குரூப்பில் மருமகள் போட்டிருந்த செய்தியைக் கடைக்குள் இருந்த அத்தனை பேருக்கும் வாசித்தது. மாமனாரைப் பற்றித்தான்.

அது டாக்பேக். பார்வையற்றவர்களுக்காக இருப்பது, அவர்களுக்கு அது கண். சத்தம் கூட்டும் குறைக்கும் பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் ஆன் ஆகிற மாதிரி பல போன்களில் இருக்கும். சார் இடுப்புப் பையில் இறுக்கி வைத்ததில் அமுங்கியிருக்கிறது. ஆன் ஆனதும் விரல் கணக்கே மாறிவிடும். ஒரு தட்டு தட்டினால் தேர்வு மட்டும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும், நகர்த்த இரண்டு விரல் வேண்டும். பழைய பழக்கத்தில் தட்டுகிறவருக்கு போன் செத்துப்போன மாதிரிதான் தெரியும். அதே இரண்டு பட்டனை மறுபடி மூன்று விநாடி. போய்விட்டது. காசு வாங்கவில்லை. மருமகள் செய்தி பற்றி நாங்கள் இருவரும் பேசவுமில்லை.

8 செப்டம்பர்

அவசர அழைப்பு பற்றி ஒருவர் கேட்டார். பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்தினால் அவசர எண்ணுக்குப் போகும் வசதி இந்திய போன்களில் 2017-இலிருந்து கட்டாயம். பாக்கெட்டில் சாவிக் கொத்தோடு போட்டால் 112-க்குத் தானாகப் போய்விடலாம். போனால் எதிரில் பேசுகிறவரிடம் தவறுதலாக வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வையுங்கள். பயந்து கட் செய்தால் அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள்.

12 செப்டம்பர்

என் கதை ஒன்று. சார்ஜரில் போட்டுவிட்டுத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு சம்பந்தி வீட்டுக்கு என் போனிலிருந்து கால் போயிருக்கிறது, ஒன்றல்ல, நான்கு. ஐந்தாவதாக அவர்களே பதறிக் கூப்பிட்டு ‘யாருக்கு என்ன ஆச்சு?’ என்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நம்பவைக்கப் பத்து நிமிஷம். என் மனைவி நம்ப இன்னும் பாக்கி இருக்கிறது.

யாரும் தொடாமலே தொட்ட மாதிரி ஆவதற்குக் காரணம் சார்ஜர். இந்தத் திரை விரலின் மின்தன்மையை அளந்துதான் தொடுதலைக் கண்டுபிடிக்கிறது. ரோட்டோரத்தில் நூறு ரூபாய்க்கு வாங்கும் சார்ஜரில் வடிகட்டல் சரியிருக்காது, அந்த மின் இரைச்சல் கேபிள் வழியே ஏறித் திரையைக் குழப்பிவிடும். சோதிப்பது சுலபம். சார்ஜரைப் பிடுங்கினதும் சரியானால் சார்ஜர். பிடுங்கியும் ஆடினால் ஈரம் துடைத்துப் பாருங்கள், அப்புறம் கிளாஸ், கடைசியில்தான் கம்போ. குற்றாலச் சாரல் காலத்தில் ஈரக் கையோடு போனைத் தடவிவிட்டு ‘டச் போச்சு’ என்று வருகிறவர்களிடம் முதலில் ஒரு துணியைத்தான் கொடுப்பேன்.

13 செப்டம்பர்

எதிராளி குரல் கேட்கவில்லை என்கிறவர்களுக்கு மட்டும். காதுப் பக்கத்து வலையைப் பாருங்கள். சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலமும் போனும் ஒன்றாக வைக்கிறவர்கள் நம் ஊரில் அதிகம். காய்ந்த, மெத்தென்ற பழைய டூத் பிரஷால் போனைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டி எடுங்கள். குண்டூசி வேண்டாம், நான் ஒருமுறை வலையைக் கிழித்து சொந்தக் காசில் மாற்றிக் கொடுத்தேன். நம் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் கீழே இருக்கும் மைக் ஓட்டை. ஸ்பீக்கரில் போட்டால் கேட்கிறது, காதில் வைத்தால் கேட்கவில்லை என்றால் அந்தக் கீழ் மைக்தான், கவரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். யாருக்குமே ஒன்றும் கேட்கவில்லை என்றால் அலமாரியில் கிடக்கும் புளூடூத் இயர்போன் காலைக் கவ்விக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மாதத்துக்கு இரண்டு வரும்.

15 செப்டம்பர்

கடையில் பழைய எஃப்எம் ரேடியோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். இன்று அது ‘டர்ர்ர் டர்ர்ர்’ என்றது. பத்து வருஷத்துக்கு முன் எல்லா வீட்டிலும் கேட்ட சத்தம், கால் வருவதற்கு ஒரு நொடி முன்னால் டிவி ஸ்பீக்கர் உறுமும். 2ஜி போன் விநாடிக்கு 217 முறை விட்டு விட்டு அலை அனுப்பும், அந்தத் துடிப்புதான் ஸ்பீக்கரில் ஏறும். 4ஜியில் அப்படித் துடிப்பதில்லை, அதனால் அந்தச் சத்தத்தை மறந்தே போனோம்.

அப்படியானால் இன்று ஏன் உறுமியது? ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். போன் புதுசு, ஆனால் 4ஜி வழியாகவே கால் பேசும் வசதியான வோல்ட்இ ஆஃப். அதனால் கால் வந்ததும் போன் 2ஜிக்கு இறங்கிப் பேசுகிறது. ‘கால் பேசும்போது நெட் நின்னுடுது’ என்று அவர் சொல்ல வந்ததே அதைத்தான். வாய் திறக்கும் முன் ரேடியோ சொல்லிவிட்டது. வோல்ட்இ ஆன் செய்தேன், டயல் செய்து ஏழெட்டு விநாடி மௌனமாக நிற்பதும் போய்விட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி மட்டும் வைத்து வந்தபோதே இந்தப் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. அந்த சிம்முக்கு இறங்க 2ஜி கிடையாது, வோல்ட்இ இல்லையென்றால் கால் இல்லை.

வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கையும் ஆன் செய்துகொள்ளுங்கள், உள்ரூம் பிரச்சினைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் இங்கே வந்தது, இன்னமும் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டர் மட்டும் வாங்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் மாட்டுவது குற்றம், அதைவிட, உங்களுக்கு ஏறுகிற சிக்னலுக்குத் தெருவே கெடும்.

அம்மா வீட்டில் வைஃபை இல்லை. வோல்ட்இ ஆன். நானே பார்த்தேன்.

18 செப்டம்பர்

தம்பி கேட்டிருக்கிறார், கட் ஆனால் காசு திரும்பக் கிடைக்குமா என்று. கிடைக்கிற மாதிரி ஒரு காலம் வரப் பார்த்தது. 2016 ஜனவரி 1 முதல் கட் ஆகும் ஒவ்வொரு காலுக்கும் ஒரு ரூபாய், ஒரு நாளில் மூன்று வரை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, அந்த மே மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்துவிட்டது. பவர் பட்டனில் கட்டைவிரல் வைத்துக் கட் செய்கிறவர்களுக்கு எப்படியும் கிடைத்திருக்காது.

19 செப்டம்பர்

போன் ஜன்னல் திட்டுக்கு வந்துவிட்டது. 112 இப்போது 98. பகலில் யார் கூப்பிட்டாலும் போகிறது. ஆனால் ராத்திரி தம்பி கூப்பிட்டால் இன்னும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’. அதே ஜன்னல், அதே சிம்.

ராத்திரி டவர் ஓவர்லோடு என்று எழுத வந்து அழித்துவிட்டேன். இன்னொரு ‘வைரல்’ வேண்டாம். தம்பி, கால் போகாத நேரங்களை மட்டும் ஒரு வாரம் எழுதி அனுப்புங்கள்.

21 செப்டம்பர்

ஒரு வாரம் தேவைப்படவில்லை, பழைய கால் ஹிஸ்டரியைப் பார்த்தே அனுப்பிவிட்டார். எட்டு பத்து, எட்டு இருபத்தைந்து, ஒன்பது, எட்டு ஐம்பது. ஒன்பதே முக்காலுக்கு மேல் கூப்பிட்ட நாளில் எல்லாம் உடனே போயிருக்கிறது. டவருக்கு இப்படி நேரம் தவறாத ஒழுக்கம் கிடையாது. மனுஷருக்குத்தான் உண்டு.

கேட்க வேண்டிய கேள்வியை ஒரு மாதமாகக் கேட்காமல் விட்டிருக்கிறேன். அம்மா போனில் எத்தனை சிம்?

22 செப்டம்பர்

இரண்டு. முதல் சிம் பழைய நம்பர், பேங்க் எல்லாம் அதில்தான், மகன் கூப்பிடுவதும் அதற்குத்தான். இரண்டாவது, ஆலங்குளத்தில் இருக்கும் சித்தி வாங்கிக் கொடுத்தது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு சித்தி அந்த நம்பருக்குக் கூப்பிடுவார். முடிய ஒன்பதரை.

இரண்டு சிம் போடுகிற பெரும்பாலான போன்களில் உள்ளே பேசுவதற்கு ரேடியோ ஒன்றுதான். சும்மா இருக்கும்போது இரண்டு நம்பருக்கும் மாறி மாறிக் காது கொடுக்கும். ஒரு சிம்மில் கால் தொடங்கிவிட்டால் முழுக் காதும் அங்கே. அந்த நேரம் டவர் மற்ற நம்பரைத் தேடினால் பதில் வராது. பதில் வராத போனை நெட்வொர்க் எப்படிப் பார்க்கும்? பேட்டரி தீர்ந்ததாக, மலைக்கு அந்தப் பக்கம் போனதாக. அதனால்தான் ‘பிஸி’ என்று சொல்லாமல் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்கிறது. விலை கூடிய சில போன்கள் இதற்கு வழி வைத்திருக்கின்றன, இது அந்த ரகம் இல்லை.

போன் நன்றாக இருக்கிறது, டவர் நன்றாக இருக்கிறது, அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து அக்காவும் தங்கையுமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். முதல் நாள் நான் சொன்ன மாதிரி போர்ட் போட்டிருந்தால் புது கம்பெனியையும் சேர்த்துத் திட்டியிருப்போம்.

வழி இதுதான். சித்தி கூப்பிடுவதும் முதல் சிம் நம்பருக்கே வரட்டும். ஒரே சிம்முக்குள் இரண்டாவது கால் வந்தால் கால் வெயிட்டிங் காட்டும். *43# அடித்தால் அது ஆன் ஆகும், போன் செயலி செட்டிங்ஸிலும் இருக்கும். அம்மா போனிலிருந்து போகிற கால்களுக்கும் முதல் சிம்மையே நிரந்தரமாகத் தேர்வு செய்துவிடுங்கள். கால் ஃபார்வர்டிங் போடலாமா என்று கேட்டீர்கள். நட்சத்திரக் குறியெல்லாம் அடித்து ஃபார்வர்டிங் போடும் முறையை வைத்து மோசடிகள் நடந்ததால் 2024 ஏப்ரல் 15 முதல் அதை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு. யாராவது போனில் கூப்பிட்டு இப்படி ஏதாவது நம்பர் அடிக்கச் சொன்னால் அடிக்கவே கூடாது என்று அம்மாவிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்.

1 அக்டோபர்

ஆயுத பூஜை. சால்டரிங் அயர்னுக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. ரேடியோவுக்கும் ஒன்று.

சித்தி நம்பர் மாற்றச் சம்மதிக்கவில்லையாம். அந்த நம்பரை அவர் வீட்டு நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாராம், போனில் பெயர் பார்த்துக் கூப்பிடும் பழக்கம் இல்லை. நாள்காட்டியிலும் நம்பரை மாற்றி எழுதிக் கொடுக்க ஓர் ஆள் போக வேண்டும். தம்பி தீபாவளிக்கு வரும்போது ஆலங்குளம் வழியாக வருகிறேன் என்கிறார்.

23 அக்டோபர்

தீபாவளி முடிந்து ஓசூர் திரும்பிய தம்பி எழுதியிருக்கிறார். நாள்காட்டியில் நம்பர் மாறிவிட்டது, கால் வெயிட்டிங் ஆன். ‘அண்ணாச்சி, இப்போ தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வர்றதில்லை. வேறொரு அழைப்பில் இருக்கிறார், தயவுசெய்து காத்திருக்கவும்னு வருது. அம்மாவுக்கு நடுவில டிக் டிக்னு கேக்குதாம், ஆனா சித்தி பேச்சை எப்படி நிறுத்துறதுன்னு எடுக்க மாட்டேங்கறா. ஒன்பதரை வரைக்கும் காத்திருக்கேன். இதுக்கு ஏதாவது செட்டிங் இருக்கா?’

இல்லை தம்பி. பத்து மணிக்குக் கூப்பிடுங்கள்.